முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள்

ஸ்க்ரூ திரும்ப மாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூக்களில் மேலே இருந்தது கை பட்டதும் வந்துவிட்டது, கீழே இருப்பது அடம்பிடிக்கிறது, தலையைச் சுற்றித் துரு பூத்து மஞ்சள் பொடியாக விரலில் ஒட்டுகிறது. கோயமுத்தூரில் இத்தனை வருஷம் இருந்ததற்கு ஒரு பொட்டுத் துரு கிடையாது. சிங்காநல்லூர் வீட்டில் பஞ்சுதான் தொந்தரவு, பக்கத்து மில்லிலிருந்து காற்றோடு வந்து ஃபேன் வலையில் மெத்தை மாதிரி படியும், பழைய பல் பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் தீர்ந்தது. தூத்துக்குடிக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் முடிந்திருக்கிறது, அதற்குள் இப்படி. உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிறது, கதவுக் கொண்டியைத் தின்கிறது, என் ஊசி டப்பாவில் இருந்த ஊசிகளைக்கூட விட்டுவைக்கவில்லை, வெளியே இருக்கிற ஸ்க்ரூவே இந்த லட்சணம் என்றால் உள்ளே என்னென்னத்தைத் தின்று வைத்திருக்கிறதோ. "தேங்காண்ணெ ஒரு சொட்டு விட்டுப் பாப்பமா கலா?" கட்டிலில் உட்கார்ந்திருக்கிற ரெமிஜியுஸ் கேட்கிறார். என் புருஷன். அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போது இன்னும் புதுச்செருப்பு மாதிரி கடிக்கிறது, வலிக்கிற கடி இல்லை, இருக்கிறேன் என்று சொல்கிற கடி. "எண்ணெய் உள்ளார போயிருச்சுன்னா வம்புங்க." "உள்ள போவாது. குச்சியில தொட்டு வையி." அவரே எழுந்து போய்த் தீக்குச்சி முனையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு வருகிறார், கீழே சிந்தாமல் இன்னொரு கையைக் குவித்துப் பிடித்தபடி, கோயிலில் மெழுகுவர்த்தி கொண்டுபோகிறவர் மாதிரி. காலையில் பூசைக்குப் போய்விட்டு வந்த வெள்ளைச்சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது. வீடெல்லாம் சீலா மீன் குழம்பு வாசம். எனக்கு இன்னும் மீனில் முள் பார்க்கத் தெரியவில்லை, அவர் பார்த்துப் பார்த்துப் பிரித்து என் தட்டோரம் வைத்தார், நான் வேண்டாமுங்க வேண்டாமுங்க என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் தின்றேன். எண்ணெய் இறங்கட்டும். கொஞ்சம் பொறுக்கணும். பொறுக்கிற நேரத்தில்தான் பயம் வரும், கை வேலையில் இருக்கும்வரை வராது.

தகடு கழன்றுவிட்டது. கடைசியில் ஒரு முனகலோடு திரும்பி வந்தது ஸ்க்ரூ, அதை ஒரு கிண்ணத்தில் போட்டு அவர் கையில் கொடுத்தேன், "இதைய மட்டும் பத்திரமா வெச்சுக்கங்க" என்றேன், அவர் மடியிலேயே வைத்துக்கொண்டார். உள்ளே நான் நினைத்த அளவு மோசமில்லை. மூலையில் கோயமுத்தூர்ப் பஞ்சு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, சாம்பல் நிறத்தில் நூல் பிரிந்தது போல, அதோடு பல்லி முட்டை ஒன்று, காலியான ஓடு, ஏதோ ஒரு குட்டி இந்தச் சூட்டிலேயே பொரிந்து தன் வழியைப் பார்த்துப் போயிருக்கிறது. அப்புறம் அந்த நெயில் பாலிஷ் குப்பி. பழைய கிராபிக்ஸ் கார்டு கனம் தாங்காமல் தொங்க ஆரம்பித்தபோது முட்டுக்கொடுக்க நான் நிறுத்தி வைத்தது, அடர் சிவப்பு, பாதி காய்ந்துபோனது. "இது என்னது, இதுவும் கம்ப்யூட்டர் சாமானா?" என்கிறார். "அது என்னோட நகத்துக்குப் போடறதுங்க." "பின்ன ஏன் அங்கன நிக்கி?" "கார்டு சாஞ்சுருச்சு, தாங்கட்டும்னு வெச்சேன்." அவர் சிரிக்கிறார், சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. கேலி இல்லை. கேலியா இல்லையா என்று நான் பார்த்துக்கொண்டேன், அதுதான் விஷயம், ஒவ்வொரு சிரிப்பையும் ஒருதரம் புரட்டிப் பார்த்துத்தான் என்னால் எடுத்துக்கொள்ள முடிகிறது. கார்டுக்கு வயசாகிவிட்டது. முதலில் திரையில் ஒரு பச்சைக் கோடு வந்தது, அப்புறம் கட்டம் கட்டமாக ஊதா நிறம், நான் ஆடுகிற கம்ப்யூட்டர் விளையாட்டில் கடல் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் அடுக்கினது போல. ஒருநாள் அவர் ஷிப்ட் முடிந்து சீக்கிரம் வந்துவிட்டார், நான் அணைப்பதற்குள் பார்த்துவிட்டார், "என்ன கலா, டிவில கோடு விழுத மாதிரி விழுது?" என்றார். கார்டு போச்சுங்க என்றேன். புதுசு வாங்க வேண்டியதுதானே என்றார், அவ்வளவுதான், கரண்ட் போச்சா மெழுகுவர்த்தி வாங்கு என்கிற மாதிரி. பார்சல் வந்ததும் பிரிக்காமல் மேசைமேல் வைத்திருந்தார். "நான் லீவு இருக்கும்போது போடு. எனக்கும் பாக்கணும்." எனக்கும் பாக்கணும். அந்த வார்த்தையில் அன்றிலிருந்து என் மனசு மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

ஏனென்றால் அவர் வீட்டில் இருக்கும்போது நான் விளையாடியதே இல்லை. அவருக்கு அது தெரியாது. நான் கம்பெனி லேப்டாப்பில் பம்ப் வரைபடம் போடுகிற வேலையை முடிப்பேன், அவர் ஷிப்டுக்குக் கிளம்புவார், பைக் சத்தம் தெருமுனை திரும்பும், அப்புறம்தான் இந்தப் பெட்டியின் சுவிட்சைத் தொடுவேன். திரும்பி வருகிற சத்தம் கேட்டதும் அணைத்துவிடுவேன். தப்பொன்றும் செய்யவில்லை, அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கல்யாணமாகி இங்கே வந்தபோது மத்த சாமானெல்லாம் லாரியில் வர, இதை மட்டும் ரயிலில் தன் பெர்த்தில் படுக்கப்போட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் காலடியில் உட்கார்ந்து வந்த மனுஷர் அவர். நம்பிக்கை மனசுக்கு வந்துவிட்டது, கழுத்துக்கு வரவில்லை. இப்போதுகூட, அவர் டார்ச் அடிக்க எழுந்து வந்து பின்னால் நிற்கிறார், செல்போன் வெளிச்சம் என் தோளுக்கு மேலாக உள்ளே விழுகிறது, பின்கழுத்தில் ஒரு நரம்பு இழுத்துக்கொள்கிறது. முதல் கல்யாணத்தில் அவன் அப்படித்தான் நிற்பான். பேசமாட்டான். அப்போது என்னிடம் பேட்டரி செத்துப்போன ஒரு பழைய லேப்டாப், சின்னதாக ஏதோ பந்து உருட்டுகிற விளையாட்டு, சமையல் முடித்துத் துணி மடித்து வைத்துவிட்டு கொஞ்ச நேரம். அவன் வந்து நிற்பது தெரியும், மூச்சு தெரியும், ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருப்பேன், சொல்லமாட்டான். ஒருநாள் அப்படி நின்றுவிட்டு, கையை நீட்டிச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். கோபம் இல்லை. விளக்கு அணைக்கிற மாதிரி. பிடுங்கிவிட்டுப் போய் டிவி பார்த்தான். பிரிந்ததற்குக் காரணம் அது இல்லை, கோர்ட்டில் சொன்ன காரணங்கள் வேறு, எல்லாம் பெரிய காரணங்கள், அவற்றை நான் ஏறக்குறைய மறந்தேவிட்டேன். கழுத்து இதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. "வெளிச்சம் போதுமா கலா?" "இன்னும் கொஞ்சம் கீழங்க." கார்டின் கடைசி முனையில், அதைச் சொருகியிருக்கிற ஸ்லாட்டில் ஒரு குட்டித் தாழ் இருக்கும், அதை அழுத்தினால்தான் கார்டு வெளியே வரும், அது பெரிய ஃபேனுக்கு அடியில் விரல் போகாத இடத்தில் இருக்கிறது. நகத்தால் தேடுகிறேன். தட்டுப்படுகிறது, வழுக்குகிறது. ஜாஸ்தி அழுத்தினால் ஒடிந்துவிடும், ஒடிந்தால் மதர்போர்டே போச்சு, கொஞ்சமாக அழுத்தினால் அசையாது. எவ்வளவு அழுத்துவது என்று யாரும் சொல்லித்தர முடியாது, கை தானாகக் கண்டுபிடிக்கணும். ஸ்க்ரூடிரைவர் முனையைத் துணியால் சுற்றி விட்டுப் பார்க்கிறேன். பின்னால் நிற்கிறவர் மூச்சுகூட விடாமல் நிற்கிறார். அது எனக்கு உதவியா உபத்திரவமா தெரியவில்லை. மூச்சு விடுங்களேன், பயமாக இருக்கிறது. சொல்லவில்லை, நினைத்துக்கொள்கிறேன். டிக். அசைந்தது. "வந்துட்டா?" என்று மூச்சை விடுகிறார், டார்ச் வெளிச்சம் சுவரெல்லாம் ஆடுகிறது.

பழைய கார்டைக் கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்கிறது. இத்தனை வருஷம் இதுவா. இதன் சூடுதான் மார்கழியில் என் முழங்காலுக்குக் கிடைத்த சூடு. சிங்காநல்லூரில் ஒற்றை அறையும் சமையலறையுமான வீட்டில் தனியாக இருந்தபோது சாயங்காலம் கதவைச் சாத்தினால் விடியும்வரை பேச ஆள் கிடையாது, மாடி வீட்டில் ரெமிஜியுஸின் தங்கச்சி ஃபிலோமி குடிவருவதற்கு முந்தின காலம் அது. அப்போதுதான் இந்த விளையாட்டு. அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் உண்டு, நான் தீவு என்றுதான் சொல்லுவேன். பாய்மரப் படகு ஒன்று, சுற்றிலும் கடல், தீவுதீவாகப் போய் மரம் வெட்டலாம், வீடு கட்டலாம், ஆடு வளர்க்கலாம், யாரும் துரத்தமாட்டார்கள், ஜெயிக்கவும் ஒன்றுமில்லை. கடலையே பார்த்திராதவள் நான் அதில் கடல் கடலாகச் சுற்றினேன். விவாகரத்து கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் மனசுக்குள் அந்த ஆட்டுக்குத் தீவனம் போட்டாகிவிட்டதா என்று நினைத்துக்கொண்டிருப்பேன். சிரிப்பாக இருக்கும் சொன்னால். இதை யாரிடமும் சொன்னதில்லை. புதுக் கார்டை உறையிலிருந்து எடுக்கிறேன், பெட்டியின் இரும்பை முதலில் தொட்டுக்கொண்டு, உடம்பில் இருக்கிற கரண்ட் அதில் இறங்கட்டும் என்று. கறுப்பாக, கனமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சுத்தமாக இருக்கிறது. ஸ்லாட்டுக்கு நேராகக் கொண்டுபோகிறேன், உள்ளே போகவில்லை. இடிக்கிறது. மறுபடியும். இடிக்கிறது. நீளம். முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் இருக்கிற கூட்டில் போய் முட்டுகிறது. நெஞ்சுக்குள் என்னவோ கீழே இறங்குகிறது. அளந்தேனே. பெட்டியின் அளவைப் பார்த்தேன், கூட்டைக் கழிக்காமல் பார்த்திருக்கிறேன். பம்ப் வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தவறவிடாதவள். "பத்தலயா?" என்கிறார். "கூடு தடுக்குதுங்க." "அந்தக் கூட்டக் கழட்ட ஏலாதா?" ஏலும். கழட்டலாம். அதில்தான் பழைய டிஸ்க் இருக்கிறது, அதில்தான் தீவு, வீடு, ஆடு, இந்த வருஷங்கள் எல்லாம். அதை இடம் மாற்றி வைக்கணும். அதை நான் அசைத்ததே இல்லை, வாங்கின நாளிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிற டிஸ்க், சில டிஸ்க்குகள் இருந்த இடத்தில் இருக்கும்வரை ஓடும், அசைத்தால் நின்றுவிடும் என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் இருந்த இடத்தில் ஓடிக்கொண்டுதானே இருந்தேன். ஃபிலோமி வந்து, "எங்க அண்ணன் ஒருத்தன் இருக்கான், தங்கச்சிமாரு எங்க ரெண்டு பேரையும் கட்டிக்குடுத்துட்டு ஒத்தையா நிக்கான், ஒரு தடவ பேசிப்பாரேன்" என்று சொன்னபோது எனக்கு இப்படித்தான் இறங்கியது நெஞ்சுக்குள். அசைத்தால் நின்றுவிடும். நிற்கவில்லை, இதோ மீன் தின்கிறேன். நான் கேபிளை உருவினேன். கூட்டின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, அவர் கிண்ணத்தில் வாங்கிக்கொள்கிறார், ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்தில் ஒரு சின்ன மணிச்சத்தம். டிஸ்க்கை வெளியே எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டேன், குளிர்ந்திருந்தது. "இதுல என்ன இருக்கு?" என்றார். "என்னோட சாமானுங்க." வேறென்ன சொல்வது. "அப்பம் மெதுவா வையி" என்றார்.

கூடு போனதும் இடம் தாராளம். டிஸ்க்கைக் கீழ்த்தட்டில் பஞ்சுரப்பர் வைத்து உட்காரவைத்துவிட்டு, கார்டை நேராகப் பிடித்து, இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறேன், மறுபடி அந்த எவ்வளவு அழுத்துவது என்கிற கேள்வி, கொஞ்சம், இன்னும் கொஞ்சம், பலகை வளைகிற மாதிரி தெரிகிறது, விட்டுவிடலாமா, டக். உட்கார்ந்துவிட்டது. இந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு கார்டு மாட்டலாம். பவர் கேபிளைச் சொருகி, தகட்டைச் சும்மா சாய்த்து வைத்து, "மானிட்டர் வயரைக் கொஞ்சம் பின்னால சொருகறீங்களா" என்றேன், அவர் குனிந்து சொருகினார், ஏதாவது ஒரு வேலை கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். சுவிட்சைப் போட்டேன். ஃபேன்கள் சுற்றின, புதுக் கார்டில் ஒரு வெள்ளை விளக்கு எரிந்தது, "அம்மாடி" என்றார் அவர். திரை கறுப்பு. காத்திருந்தோம். சிக்னல் இல்லை என்று ஒரு எழுத்து வந்தது, அதுவும் போய்விட்டது. அணைத்துப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை கறுப்பு. கார்டைக் கழற்றி மறுபடி மாட்டினேன், டக், அந்தச் சத்தம் இப்போது இனிக்கவில்லை. மெமரியை எடுத்துத் துடைத்துப் போட்டேன். கறுப்பு. இரும்பைத் தொட்டேனா? தொட்டேன். கார்டை எடுப்பதற்கு முன்னால் தொட்டேன், டிஸ்க்கை எடுத்த பிறகு தொட்டேனா, நடுவில் சேலைத் தலைப்பால் முகம் துடைத்தேனே, பாலியஸ்டர், அதில் கரண்ட் இருக்கும், அந்தக் கையோடு தொட்டிருந்தால் அப்போதே செத்திருக்கும், வெளியே ஒரு அடையாளமும் தெரியாது, விளக்குக்கூட எரியும். போர்டு போயிருக்கலாம். அழுத்தினபோது வளைந்ததே. உப்பு. உப்பு உள்ளே இறங்கி இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்து இன்றைக்கு. நான் ஒன்றைத் தொட்டேன் அது நின்றது என்கிற அந்தப் பழைய வாக்கியம் எங்கிருந்தோ எழுந்து வந்து உட்கார்ந்துகொள்கிறது, அது என் வாக்கியம்கூட இல்லை, அவன் சொல்லுவான், மிக்ஸி நின்றால், குக்கர் விசில் போனால், நீ தொட்டியா என்பான், தொட்டேன் என்பேன், அவ்வளவுதான் என்பான். ரெமிஜியுஸ் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் நிற்கிறார். கேட்கப்போகிறார். என்ன செஞ்ச என்று கேட்பார், கேட்பதற்கு நியாயம் உண்டு, நல்லா இருந்ததைத் திறந்தது நான்தான். கழுத்து கட்டையாகிவிட்டது. வியர்வை முதுகில் ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு பெண் குழாயடியில் "ஏட்டி ஜெனிபரு, கொடத்த எடுட்டீ" என்று கத்துகிறாள், அந்தச் சத்தம் வேறு ஊரிலிருந்து வருவது மாதிரி இருக்கிறது.

"கலா." சொல்லுங்க என்றேன் திரும்பாமல். "நான்தான் தப்பாச் சொருகிட்டனோ?" எதைய என்றேன். "இந்த வயர. பின்னால ரெண்டு எடம் இருந்துச்சு, ஒண்ணு போல. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மேல உள்ளதுதான் கைக்கு வாட்டமா இருந்துச்சு, அதுல வச்சிட்டேன். அது பழசோட எடமோ என்னவோ." நான் எழுந்து பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மேலே, போர்டின் துளையில் மாட்டியிருக்கிறது. கார்டின் துளை கீழே காலியாக இருக்கிறது. நான் ஏன் அங்கே பார்க்கவில்லை? கார்டு, மெமரி, கரண்ட், உப்பு, நான் தொட்ட ஒவ்வொன்றையும் பார்த்தேன், அவர் தொட்ட ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. தப்பு என்னிடம்தான் இருக்கும் என்று கைகளுக்கே அவ்வளவு நிச்சயம். "அதேதானுங்க" என்றேன், குரல் எனக்கே வேறாகக் கேட்டது. "அட, என் புத்திய!" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார், "ஒன்னய வேர்க்க வச்சிட்டேன் பாரு, சொல்லணும்னு நெனச்சேன், நீ மும்முரமா இருந்த, நடுவுல பேசினா திட்டுவியோன்னு இருந்துட்டேன்." நான் திட்டுவேனோ என்று அவர் பயந்து நின்றிருக்கிறார். பின்னால் மூச்சை அடக்கி நின்ற அந்த ஆள் என்னைக் கண்டு பயந்துகொண்டிருந்தாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடிவயிற்றிலிருந்து, நிறுத்த முடியாத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்தது, அவரும் காரணம் தெரியாமல் சேர்ந்துகொண்டார், தோள் குலுங்க. நான்தான் தப்பா. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். உப்புக் கொஞ்சம் ஜாஸ்தி என்கிற மாதிரி. ஒரு ஆண்பிள்ளை வாயிலிருந்து அது இத்தனை லேசாக வரும் என்று எனக்குத் தெரியாது, அது வருவதற்குக் கல்லைப் புரட்டுவது போல ஏதோ செய்யவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். "இந்தத் தடவ நீயே சொருகு" என்றார். "நீங்களே சொருகுங்க. கீழ இருக்கறதுல." சொருகினார். திரையில் வெளிச்சம் வந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் சாதாரணம். எழுத்தெல்லாம் முதலில் தடித்தடியாக வந்தது, கார்டுக்கான சாப்ட்வேர் ஏறும்போது திரை ஒரு கணம் இருண்டது, "போச்சா?" என்று பதறினார், "இல்லீங்க, அப்படித்தான் வரும்" என்றேன், வந்தது. டிஸ்க் ஓடுகிறது, காது வைத்துக் கேட்டேன், பழைய ஆள் மாதிரி இரண்டு செருமல் செருமிவிட்டு ஓடுகிறது. அந்த விளையாட்டின் படத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அணைத்துவிடலாம். சரியாயிருச்சுங்க, டீ வைக்கட்டுமா என்று எழுந்துவிடலாம். நாளைக்கு அவருக்குப் பகல் ஷிப்ட். "என்ன, ஓட்டிக் காட்டமாட்டியா? நான் எதுக்குக் கிண்ணத்த வச்சிக்கிட்டு இருந்தேன்?" என்றார். அமுக்கினேன். கடல் வந்தது. என் கடல்தான், ஆனால் இது வரைக்கும் நான் பார்த்தது தார்ப்பாய் விரித்த மாதிரி ஒரு நீலம், இது தண்ணீர். அலை ஒன்றின் மேல் ஒன்று ஏறி உடைகிறது, உடைந்த இடத்தில் நுரை கொஞ்ச நேரம் நிற்கிறது, பாறைமேல் ஈரம் தெரிகிறது. தூரத்தில் எப்போதும் வெள்ளைப் புகையாக இருந்த இடத்தில் மலைத்தொடர் ஒன்று நிற்கிறது, அங்கே மலை இருப்பதே எனக்குத் தெரியாது. ஆடு என் வீட்டு வாசலில் நிற்கிறது, அதற்கு முடி இருக்கிறது. "ஆத்தீ" என்று கட்டிலிலிருந்து முன்னால் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "கலா, இந்தப் படகக் கட்டினவனுக்குக் கடலு தெரியாது போல. காத்து இந்தப் பக்கமிருந்து அடிக்கி, பாயி அந்தப் பக்கம்லா புடைக்கணும்?" "விளையாட்டுங்க அது." "வெளையாட்டுன்னாலும் காத்து காத்துதான?" அவருடைய அப்பா வள்ளத்தில் மீன் பிடிக்கப் போனவர், இவர் கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போய்விட்டார், அப்பாவின் காற்று மட்டும் மிச்சம் இருக்கிறது போல. "நீ இவ்ளோ நேரம் இப்படி ஒத்தைல ஒக்காந்து ஓட்டுவியோ?" என்று கேட்டார், நான் திரையைப் பார்த்தபடியே, "ஓட்டுவேனுங்க, நீங்க இல்லாதப்ப" என்றேன். சொல்லியாகிவிட்டது. இல்லாதப்ப என்கிற வார்த்தையை அவர் எடுத்துப் பார்ப்பார், ஏன் என்பார், அப்போது பிளக்கைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கும் என்று காத்திருந்தேன். அவர் அதை எடுக்கவில்லை, அல்லது எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எனக்கு வேலையே அதான" என்றார். "மேல ஏறிக் கண்ணாடிக் கூண்டுல ஒக்காந்தா ஷிப்ட் முடியிற மட்டும் ஒத்த ஆளு. ரெண்டு கையிலயும் ரெண்டு குச்சி. கீழ உள்ளவனெல்லாம் எறும்பு மாதிரி. அவன் கத்துறது எனக்குக் கேக்காது, நான் பாடுறது அவனுக்குக் கேக்காது." "பாடுவீங்களா?" "பாடாம?" என்றார். எனக்கு அது தெரியாது. அவர் கிளம்பிப்போகிற பைக் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேனே தவிர, போய் எங்கே உட்காருகிறார், அங்கே தனியாக என்ன செய்கிறார் என்று இது வரைக்கும் நினைத்துப் பார்த்ததில்லை. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தனித்தனிக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

அந்த மலை எங்கே இருக்கிறது என்று பார்க்கணும் போலிருந்தது. படகைத் திருப்பினேன். பாய் தப்பாகத்தான் புடைக்கிறது, அவர் சொன்ன பிறகு இப்போது எனக்கும் உறுத்துகிறது, ஆனால் போகிறது. பாறைகளுக்கு நடுவே ஒரு குறுகலான வழி, அதற்குள் விட்டேன், இரண்டு பக்கமும் சுவர் மாதிரி கல், கல்லில் பாசி, பாசியில் நண்டு, நண்டு ஓடுகிறது, இத்தனை வருஷம் இந்த நண்டுகள் இங்கேயேதான் இருந்திருக்கும், என் கார்டுக்குத்தான் அவற்றைக் காட்டத் தெம்பில்லை. வழி திறந்து ஒரு வெள்ளை மணல் கரை. இறங்கி நடந்தேன். தென்னை இல்லை, ஏதோ ஊசியிலை மரம், காற்றில் அசைகிறது, ஒவ்வொரு மரமும் வேறு மாதிரி அசைகிறது. ஓடை ஒன்று. ஓடையைத் தாண்டி ஏற்றம். மலைமேல் ஒரு பாழடைந்த விளக்குக் கூண்டு மாதிரி ஏதோ தெரிந்தது, அதற்குப் போகிற பாதையைத் தேடினேன், இடது பக்கம் சறுக்கி விழுந்தேன், மறுபடி ஏறினேன், மேலே போனால் காற்று ஊளையிடுகிறது, அங்கிருந்து பார்த்தால் என் தீவு, என் வீடு, கட்டைவிரல் நகம் அளவுக்கு, புகைக்கூண்டில் புகை. இதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருப்பேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது, காற்றுக்கு நடுவே, விட்டுவிட்டு, ஏதோ அறுப்பது மாதிரி. கார்டு ஃபேனா என்று குனிந்து காது வைத்தேன். இல்லை. திரும்பிப் பார்த்தேன். ரெமிஜியுஸ் கட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருக்கிறார், வாய் லேசாகத் திறந்து, ஒரு கால் தரையைத் தொட்டபடி, ஸ்க்ரூக் கிண்ணம் வயிற்றின் மேல், மூச்சுக்கு மூச்சு அது ஏறி இறங்குகிறது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து நேராகப் பூசைக்குப் போனவர், மத்தியானமும் படுக்கவில்லை, இதற்காக விழித்திருந்தார். எப்போது படுத்தார் என்று எனக்குத் தெரியாது. எப்போது கட்டிலுக்குத் திரும்பிப் போனார் என்பதே தெரியாது. ஜன்னலில் வெயில் சாய்ந்து சுவர்மேல் ஏறியிருக்கிறது. இவ்வளவு நேரமும் அவர் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறார், நான் மலை ஏறிக்கொண்டிருந்தேன். கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெறும் கழுத்து, கொஞ்சம் வியர்வை. கிண்ணம் விழுந்துவிடும் என்று மெல்ல எழுந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தேன். தூங்கட்டும் என்று ஸ்பீக்கரின் திருகைக் குறைத்தேன், காற்றும் அலையும் அடங்கி அறை அமைதியானது. குறட்டை நின்றது. கண்ணைத் திறக்காமல், "ஏன் கொறைச்ச?" என்றார். "நீங்க தூங்கறீங்களேன்னு." "கெடக்கட்டும், கூட்டி வையி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார், "அல நல்லா அடிக்கி." நான் கூட்டி வைத்தேன், திரும்பி உட்கார்ந்தேன், மலையின் மறுபக்கம் இறங்கத் தொடங்கினேன்.